மெட்ராஸ் பொண்ணு வூட்டுக்காரர்

எண்பதுகளோட கடைசி. இடஒதுக்கீடு கேட்டு எங்க வடக்குப் பக்கம் பூரா மறியலும் ஊர்வலமுமா இருந்த வருஷங்கள். கள்ளக்குறிச்சி அப்போ மாவட்டத் தலைநகரம் எல்லாம் கிடையாது, தென்னாற்காட்டுல ஒரு தாலுகா ஊரு, அவ்வளவுதான். கடைத்தெருவுல எங்கப்பா வெச்ச சின்ன ஜவுளிக்கடையில நான் உக்காந்திருந்தேன். கல்யாணம் ஆகி ஒரு வருஷம்கூட முழுசா ஆகல.

எனக்கு வாக்கப்பட்டவ மெட்ராஸ்காரி. பொண்ணு பாக்கப் போனப்பவே எனக்கு உள்ளுக்குள்ள உதறல். பீச்சு, பார்க்கு, பொருட்காட்சின்னு வளந்த பொண்ணு நம்ம ஊருல வந்து இன்னா பண்ணும்? நம்ம ஊருல இருக்கிறது ஒரு பஸ் ஸ்டாண்டு, ஒரு கோர்ட்டு, நாலஞ்சு அரிசி மில்லு, அப்புறம் சினிமாக் கொட்டாய். அதுலயும் பெருமழை பேஞ்சா படத்தை நிறுத்திடுவான். அதனால நானே முந்திக்கினு அவகிட்ட சொல்லி வெச்சேன். இது சப்புனு இருக்கிற ஊரு, பொழுதுபோக்கு ஒண்ணும் கிடையாது, நீதான் அனுசரிச்சுப் போகணும்னு. அவ தலையை ஆட்டினா. அடுத்த வாரமே தேட ஆரம்பிச்சிட்டா.

அவ தேடுற விதமே வேற. பால் ஊத்த வர்றவங்க, பூக்காரம்மா, பக்கத்து வூட்டு டீச்சர், யாரைப் பாத்தாலும் ஒரே கேள்விதான். "சாயங்காலம் வேலை முடிஞ்சா நீங்க எங்க போவீங்க?" எங்க ஊருல யாரும் யாரையும் கேக்காத கேள்வி அது. பொம்பளைங்களை யாரு அப்படிக் கேட்டாங்க? கேட்டதும் ஆளுக்கொரு இடத்தை சொல்லிட்டாங்க.

மொதல்ல அரிசி மில்லு களம். நெல்லை அள்ளி மூட்டை கட்டினதுக்கு அப்புறம், சாயங்காலம் மில்லுல வேலை பாக்கிற பொம்பளைங்களும் ரெண்டு டீச்சருங்களும் புடவையை இழுத்து சொருகிக்கினு, ரப்பர் வளையத்தை வீசிப் புடிக்கிற ரிங் பால் ஆடுவாங்களாம். நெட்டுக்கு பதிலா ஒரு சணல் கயிறு. அந்த மில்லு வாசல்ல நான் பொறந்ததுல இருந்து நடக்கிறேன். சாமி சத்தியமா எனக்குத் தெரியாது. அப்புறம் பஞ்சாயத்து பார்க்குல ஞாயித்துக்கிழமை டிவியில படம் பாக்குற கூட்டம். கோமுகி அணைகிட்ட ஜிலேபி கெண்டை பொரிச்சு விக்கிற அக்கா. சந்தை அன்னிக்கு மலையில இருந்து சாமையும் தேனும் எடுத்துக்கினு இறங்கி வர்ற பொம்பளைங்க. ஒவ்வொண்ணா கண்டுபிடிச்சு, ராத்திரி சாப்பாட்டுக்கு உக்காரும்போது கண்ணு மின்ன மின்ன எங்கிட்ட சொல்லுவா.

எனக்கு வயிறு எரியும். வேற ஒரு ஆம்பளையைப் பாத்து பொறாமைப்பட்டா அதுல ஒரு நியாயமாவது இருக்கும். நான் ஊரைப் பாத்துப் பொறாமைப்பட்டேன். என் ஊரு, எனக்குக் காட்டாத மூஞ்சியை நேத்து வந்தவளுக்குக் காட்டுதேன்னு. பூக்காரம்மா எங்கம்மாவுக்கு முழம் அளக்கிறப்ப கையை சுருக்கும். இவளுக்குன்னா கை தானா நீளும். டவுன் பஸ் கண்டக்டர் இவளைப் பாத்தா விசிலை வாயில வெச்சிக்கினு காத்திருப்பார். ஒருநாள் கடைக்கு வந்த ஒரு அம்மா என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, "நீங்க ரிங் பால் அக்கா வூட்டுக்காரர்தானே?"ன்னு கேட்டுச்சு பாருங்க, அன்னிக்கு எனக்கு சோறு இறங்கல. எங்கப்பா பேரைச் சொன்னா கள்ளக்குறிச்சியே எழுந்து வழி விடும்னு நெனச்சிக்கினு இருந்தவன் நான்!

அவ ஒரு தடவைகூட கூப்பிடாம போனதில்ல. "நீங்களும் வாங்களேன்." கடையை யாரு பாக்குறதுன்னு நான் வெட்டிவிடுவேன். உண்மை இன்னான்னா, அங்க போனா எல்லாரும் அவளைத்தான் விசாரிப்பாங்க, என் சொந்த ஊருலயே நான் விருந்தாளி மாதிரி ஓரமா நிக்கணும். அதுக்கு என் ரோஷம் எங்க இடம் குடுத்துச்சு?

புரட்டாசி மாசம் ரிங் பால் செட்டு மொத்தமா ஒரு வேன் பிடிச்சு கல்வராயன் மலை அருவிக்குக் கிளம்புச்சு. சந்தையில பழக்கமான மலைப் பொம்பளைங்க எங்க ஊருக்கு வாங்கன்னு கூப்பிட்டிருந்தாங்களாம். வழக்கம்போல என்னையும் கூப்பிட்டா. நான் சொன்ன பதில் இன்னிக்கும் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. "அங்க இன்னா கீது? தண்ணி மேல இருந்து கீழ வுழும். அதை நம்ம வூட்டுக் கொழாயிலயே பாக்கலாம்." அவ காலையில வேன் ஏறினா. திரும்பிப் பாப்பான்னு வாசல்ல நின்னேன், பாக்கல. உள்ள எல்லாரும் கை தட்டிப் பாடிக்கினே போறாங்க. நல்லா மழை கொட்டணும்டா சாமின்னு மனசார வேண்டிக்கினு நான் கடையைத் திறந்தேன்.

மழை வரல. மறியல் வந்துடுச்சு. மத்தியானத்துக்குள்ள பட்டுபட்டுனு கடைத்தெருவுல ஷட்டரை இறக்கிட்டாங்க. நாலா பக்கமும் ரோட்டோரப் புளியமரத்தை வெட்டி சாய்ச்சிட்டாங்க, பஸ் ஒண்ணும் ஓடலன்னு பேச்சு. கடையைப் பூட்டிக்கினு இருக்கேன், பக்கத்துக் கடைக்காரர் ஓடி வந்து சொல்றார், கச்சிராயபாளையம் தாண்டி மலையடிவாரத்துல ஒரு வேனைக் கொளுத்திட்டாங்களாம்னு. கையில இருந்த சாவி கீழ வுழுந்துடுச்சு.

வூட்டுக்கு ஓடினா எங்கம்மா தலைவிரிகோலமா வாசல்ல நிக்குது. "ஆசையா கூப்டுச்சேடா அந்தப் பொண்ணு. கூடப் போயிருந்தா நீ இன்னாடா கொறஞ்சிடுவே?"ன்னு மாரைத் தட்டிக்கினு கேட்டுச்சு. நான் சைக்கிளை எடுத்தேன்.

ஊரைத் தாண்டி கொஞ்ச தூரம் போறதுக்குள்ள மொத மரம். ரோட்டுக்குக் குறுக்கால படுத்துக் கிடக்கு. மேல பத்து இருபது பேரு, கையில கோடாலி, கொடுவாள். என்னைப் பாத்ததும் ஒருத்தன் சைக்கிள் ஹேண்டிலைப் புடிச்சிட்டான். "யாரு வூடு நீ?"

எங்க பக்கம் வழி கேட்டாலும் தண்ணி கேட்டாலும் மொதல்ல வர்ற கேள்வி இதுதான். யாரு வூட்டுப் புள்ளைன்னு தெரிஞ்சாத்தான் மேல பேச்சே. ஆனா அந்த வருஷத்துல அந்தக் கேள்வியைக் கேக்கிறப்ப, நீ நம்ம ஆளா வேத்து ஆளான்னுதான் கேக்கிறாங்க. பதில் சரியில்லன்னா அடி வுழலாம். நான் நெஞ்சை நிமித்திக்கினு எங்கப்பா பேரைச் சொன்னேன். கடைத்தெரு ஜவுளிக்கடைன்னு சொன்னேன்.

அவங்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கினாங்க. எந்த ஜவுளிக்கடை, எங்க கீது, தெரியலையேன்னாங்க. இவன் உளவு பாக்க வந்தவன்டான்னு பின்னாடி ஒரு குரல். ஒருத்தன் குனிஞ்சு சக்கரத்துல இருந்து வால்டியூப்பைப் புடுங்கினான். புஸ்ஸுனு காத்து போச்சு. கூடவே எனக்கும் போச்சு.

எனக்கு அழுகையே வந்துடுச்சு. என் பொண்டாட்டி மலைக்குப் போயிருக்குதுங்க, ரிங் பால் ஆடுற பொம்பளைங்களோட வேன்ல போச்சுங்க, வேனைக் கொளுத்திட்டாங்கன்னு சொல்றாங்க, என்னை வுட்டுடுங்கன்னு கை கூப்பினேன். மறியல்காரங்களுக்குக் கூழ் கரைச்சு எடுத்துக்கினு வந்த ஒரு அம்மா, குண்டானை அப்படியே கீழ வெச்சிட்டு எழுந்து வந்துச்சு.

"யாரு, எங்க மில்லு களத்துல ஆடுமே, அந்த மெட்ராஸ் பொண்ணா? அது வூட்டுக்காரரா நீங்க? அட, இத மொதல்லயே சொல்லக் கூடாதா!"

அவ்வளவுதான். பேச்சே மாறிப் போச்சு. வால்டியூப் திரும்பி வந்துச்சு, எங்கிருந்தோ ஒரு பம்பு வந்துச்சு, நாலு பேரு சைக்கிளைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் இறக்கி வெச்சாங்க. கூழு குடிச்சிட்டுப் போங்கன்னு வேற ஒரு உபசாரம். உசுரு திரும்பி வந்த சந்தோஷம் ஒரு பக்கம். எங்கப்பா பேரு செல்லாத இடத்துல அவ பேரு செல்லுதேன்னு எரிச்சல் ஒரு பக்கம். பொண்டாட்டி உசுரோட இருக்காளா இல்லையான்னு தெரியாம பெடல் மிதிக்கிறவனுக்கு அந்த நேரத்துலயும் பொறாமை வருதுன்னா, மனுஷ ஜென்மத்தை இன்னா சொல்றது.

அணைகிட்ட இன்னொரு மரம். இந்தத் தடவை நான் உஷார். யாரு வூடுன்னு கேக்கிறதுக்கு முன்னாடியே, ரிங் பால் அக்கா வூட்டுக்காரன் நான்னு கத்திட்டேன். ஒருத்தருக்கும் புரியல. நல்லவேளை, மீன் பொரிக்கிற அக்கா அங்க உக்காந்திருந்துச்சு. "ரிங்கும் தெரியாது, பாலும் தெரியாது. காரம் ஜாஸ்தி போடச் சொல்லி கேட்டு வாங்கித் தின்னுமே, கண்ணாடி போட்ட மெட்ராஸ் பொண்ணு, அதுவா?"ன்னு கேட்டுச்சு. ஆமாங்க அதேதான்னேன். வூட்டுக் கொழம்புல காரம் ஜாஸ்தின்னு எங்கிட்ட சண்டை புடிக்கிறவ, இங்க ஜாஸ்தி கேட்டுத் தின்னுறாளான்னு அதுக்கு ஒரு தனி எரிச்சல். அந்த அக்காதான் சொல்லுச்சு, வேனை யாரும் கொளுத்தல, வெறும் புரளி, வேன் மேல எங்கியோ நிக்குதுன்னு. எனக்கு அப்பதான் மூச்சே வந்துச்சு.

மலைப் பாதையில சைக்கிளைத் தள்ளிக்கினே ஏறினேன். ஒரு வளைவுல வேன் நின்னுக்கினு இருந்துச்சு. டிரைவர் உள்ள படுத்துத் தூங்குறார். எழுப்பினதும் கொட்டாவி விட்டுக்கினே மேல கையைக் காட்டினார். வெளிச்சம் இறங்குறதுக்குள்ள மலை ஊருக்குள்ள போயிட்டேன்.

சத்தம் கேட்டுத்தான் இடத்தையே கண்டுபிடிச்சேன். சாமை அடிக்கிற களத்துல குறுக்கால கயிறு கட்டியிருக்கு. ஒரு பக்கம் எங்க ஊரு மில்லுப் பொம்பளைங்க, இன்னொரு பக்கம் மலைப் பொம்பளைங்க. ரிங்கு பறக்குது, சிரிப்பு பறக்குது. நடுவுல என் பொண்டாட்டி. வழியெல்லாம் செத்து செத்துப் பொழைச்சு வந்தவன் மண்ணும் வேர்வையுமா நிக்கிறேன், இது ஆடிக்கினு கீது! ஓங்கி ஒரு சத்தம் போடலாம்னு வாயைத் தொறந்தேன்.

அதுக்குள்ள ஒரு மலைப் பொம்பளை என்னைப் பாத்துட்டு, "துணிக்கடைக்காரரு வந்துட்டாரு!"ன்னு கூவுச்சு. ஆட்டம் நின்னுடுச்சு. எல்லாரும் என்னைச் சூழ்ந்துக்கினாங்க. நான் முழிக்கிறேன். இவங்களுக்கு என்னை எப்படித் தெரியும்?

அவ ஓடி வந்து என் கையைப் புடிச்சிக்கினா. அப்புறம் வுடவே இல்ல. மெதுவா சொன்னா. "மறியல்னு கேட்டதும் எல்லாம் அழ ஆரம்பிச்சிடுச்சுங்க. நான்தான் தைரியம் சொல்லி ஆட வெச்சேன். எங்க வூட்டுக்காரரு கண்டிப்பா வருவாரு, அவரு கள்ளக்குறிச்சியிலயே பொறந்து வளந்த துணிக்கடைக்காரரு, அவரைத் தெரியாத ஆளே இல்ல, எந்த மரத்துலயும் அவருக்கு வழி வுடுவாங்கன்னு சொல்லிக்கினே இருந்தேன். வந்துட்டீங்க பாருங்க."

எந்தப் பேரைச் சொல்லி ஏறி வந்தேன்னு அவகிட்ட சொல்ல வாய் வரல.

மறுநாள் மறியல் கொஞ்சம் தளந்துச்சு. வேன் போக வழியில்ல, எல்லாரும் நடந்தே இறங்கினோம். எங்க பக்கம் புருஷன் முன்னாடி, பொண்டாட்டி பின்னாடி. அன்னிக்கு நான் சைக்கிளைத் தள்ளிக்கினு அவளுக்குப் பின்னாடி வந்தேன். ஊருக்கு வெளிய அதே மரம், அதே கூழு கொண்டு வந்த அம்மா. எங்களைப் பாத்ததும் சத்தமா சிரிச்சிக்கினே கேட்டுச்சு.

"ஏம்மா மெட்ராஸு, வூட்டுக்காரரு வந்து சேந்தாரா? நேத்து உன்னைச் சொன்னதாலதான் வுட்டோம். இல்லன்னா முதுகு பழுத்திருக்கும்!"

மானம் போச்சு. அவ நின்னுட்டா. திரும்பி என்னைப் பாத்தா. இனி ஆயுசு பூரா சொல்லிக் காட்டப் போறான்னு நான் தலையைக் குனிஞ்சிக்கினேன். அவ அந்த அம்மா பக்கம் திரும்பி சொன்னது இதுதான். "இன்னாக்கா, எங்க கடையைத் தெரியாதா உங்களுக்கு? கடைத்தெருவுல எங்க மாமனார் வெச்ச கடை. நான் அவங்க வூடுதான். தீபாவளிக்கு எல்லாரும் வாங்க, இவரே எடுத்துப் போட்டுக் காட்டுவாரு."

வந்தாங்க. அந்தத் தீபாவளிக்குக் கோடாலி புடிச்சவனும் வந்தான், மீன் பொரிக்கிற அக்காவும் வந்துச்சு, மலையில இருந்தும் இறங்கி வந்தாங்க. அத்தனை பேரும் கடைத்தெருவுல கேட்டுக்கினு வந்தது மெட்ராஸ் பொண்ணு கடை எதுன்னுதான். எங்கப்பா கல்லாவுல உக்காந்துக்கினு என்னை ஒரு பார்வை பாத்தார். நான் புடவையை உதறி விரிக்கிற மாதிரி மூஞ்சியை மறைச்சிக்கினேன்.

அடுத்த வாரத்துல இருந்து சாயங்காலம் கொஞ்ச நேரம் கடையை அப்பாகிட்ட வுட்டுட்டு மில்லு களத்துக்குப் போக ஆரம்பிச்சேன். ஆட்டம் வரல, வெளிய போற ரிங்கைப் பொறுக்கிப் போடுவேன். இப்ப ஊரு மாவட்டத் தலைநகரமாயிடுச்சு, களம் இருந்த இடத்துல கல்யாண மண்டபம் நிக்குது. அவ இப்பவும் புதுசா ஒரு இடத்தைக் கண்டுபிடிச்சு வந்து சொல்லத்தான் செய்றா, எனக்கு இப்பவும் கொஞ்சம் எரியத்தான் எரியுது. ஆனா யாராவது என்னை யாரு வூடுன்னு கேட்டா, எங்கப்பா பேருக்கு முன்னாடி அவளைத்தான் சொல்றேன். ஏன்னா, என்னைத் தெரியாத ஆளே இல்லன்னு நம்பின ஒரே ஆளு அவதான்.