காலையில் போன பெட்டி

இன்று என் நெஞ்சிலிருந்து ஒரு பெட்டியைக் காணவில்லை என்று படகுத்துறைச் சோதனைச் சாவடியில் என்னை மறித்துவிட்டார்கள்.

புற்றுநோய் மருந்து ஏற்றுவதற்காகக் கழுத்தெலும்புக்குக் கீழே, தோலுக்குள் வைத்திருந்த போர்ட்டைத்தான் சொல்கிறேன். ஒரு கிழமையாக அதில் சீழ், எனக்குக் காய்ச்சல். காலையில் மட்டக்களப்புக்குப் போகும்போது, சோதித்த ஆமிப் பெண்ணின் கையில் அது தட்டுப்பட்டது. சாவடியைத் தாண்டும் சாமானை எல்லாம் எழுத வேண்டுமாம். கொப்பியில் எழுதினாள்: "சின்னப் பெட்டி, ஒன்று."

ஆஸ்பத்திரியில் அதைக் கழற்றித் தையல் போட்டு அனுப்பினார்கள்.

மாலையில் அதே பெண். அதே கொப்பி.

"அக்கா, காலையில பெட்டி இருந்தது. இப்ப எங்க?"

"டொக்டர் எடுத்துட்டார், தங்கச்சி."

மருந்துக் கட்டைக் காட்டினேன்.

"அது சரி. பெட்டி எங்க? டவுன்ல வச்சிட்டு வந்ததா?"

டவுனில் பெட்டி வைத்தவள் என்று, குண்டு வெடிக்கிற இந்தக் காலத்தில் பெயர் எடுத்தால், புற்றுநோய் கொல்லும் வரைக்கும் உயிர் காத்திருக்காது.

பின்னால் நின்ற கொக்கட்டிச்சோலை விவசாயி ஒருவருக்குப் பொறுமை போய்விட்டது. "வள்ளம் போகப் போகுது புள்ள, இதக் காட்டு" என்று தன் சுண்ணாம்பு டப்பியை என் கையில் வைத்தார்.

அவள் டப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கொப்பியைப் பார்த்தாள். சரி போட்டாள்.

இன்னும் இரண்டு கிழமையில் வலப்பக்கம் புதுப் போர்ட் வைப்பார்கள். அன்று வெறும் நெஞ்சோடு போய்ப் பெட்டியோடு திரும்புவேன். ஆகவே காலையில் கொப்பியில் எழுதிவிட எனக்கொரு சுண்ணாம்பு டப்பி வேண்டும்.

ஆரிடம் இருக்கிறது?