தாய்மாமன் விழாத படம்

என் பழைய கேமராவில் எல்லாமே ஒரே மாதிரி விழும். பக்கத்தில் நிற்கிற ஆளும், அவருக்குப் பின்னால் கண்மாய்க் கரையில் மேய்கிற ஆடும், அதற்கும் பின்னால் இருக்கிற செல்போன் கோபுரமும் ஒரே அளவுக்குச் சுமாராக இருக்கும். பாலவனத்தம் சாலையோரப் பருத்திக் காடுகள், மழை பெய்த ஐப்பசி, பெய்யாத ஐப்பசி என்று அதில் எடுத்ததை எல்லாம் பிரிண்ட் போட்டு, பின்பக்கம் தேதியும் இடமும் எழுதி, தேதி வரிசையில் ஆல்பங்களில் செருகி வைத்திருக்கிறேன். யாரும் கேட்கவில்லை. பெரிய மனிதர்களின் வாழ்க்கை வரலாறுகளில் 'அதற்குச் சில காலம் கழித்து' என்று ஒரு வரி வந்தாலே எனக்கு அந்தப் புத்தகத்தின் மேல் நம்பிக்கை போய்விடும்.

புதுக் கேமராவைப் பற்றி ஒரு வருடம் படித்தேன். பிறகு மதுரைக்குப் போய், இரண்டு லென்ஸ்களோடு வாங்கினேன். நீளமானது பறவைகளுக்கு. கட்டையானது ஆட்களுக்கு. கட்டை லென்ஸின் துளையை முழுதாகத் திறந்தால் குறிவைத்த இடம் மட்டும் துல்லியமாக இருக்கும். முன்னும் பின்னும் இருப்பதெல்லாம் கரைந்துவிடும். படித்த கட்டுரைகள் எல்லாம் அந்தக் கரைவதைத்தான் புகழ்ந்தன. திரும்பி வரும் பஸ்ஸில், காரியாபட்டி வருவதற்குள், முன்சீட்டுக்காரரின் காதை எடுத்துப் பார்த்தேன். காது இருந்தது. பஸ் இல்லை. பரம திருப்தி.

அந்த ஆவணியில் மகளுக்குக் காதுகுத்து. திருச்சுழிக்குப் பக்கத்தில் எங்கள் குலதெய்வக் கோயில். போட்டோக்காரருக்குச் சொல்ல வேண்டாம், நானே எடுத்துக்கொள்கிறேன் என்றேன். மனைவி இரண்டு தடவை கேட்டாள். புதுக் கேமரா என்று இரண்டு தடவையும் சொன்னேன்.

மனைவியின் அண்ணனுக்கு எம்.ரெட்டியபட்டியில் பருத்தி விவசாயம். ஒரே தங்கை. தாய்மாமன் முறைக்குத் தோடு, பட்டுப்பாவாடை, கிடா, பழத்தட்டுகள், கொட்டு, வேன் நிறையச் சனம் என்று வந்து இறங்கினார். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, மஞ்சள் பட்டுச் சட்டையில் அசையாமல் உட்கார்ந்தார். ஆசாரி கம்பியை எடுத்தார். நான் துளையை முழுதாகத் திறந்தேன்.

வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தபோது மகளின் இமை முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். பெரிய பிரிண்ட் போட்டு, சட்டம் மாட்டி, நானே கொண்டுபோய் மச்சான் கையில் கொடுத்தேன்.

அவர் அதை வெளிச்சத்துக்குத் திருப்பினார். தள்ளிப் பிடித்தார். உள்ளே போய் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்தார்.

"பிள்ள இருக்கு. ஆசாரி விரலு இருக்கு. நான் எங்க மாப்ள?"

மகளின் தலைக்குப் பின்னால் மாநிறத்தில் இருந்த ஒரு வட்டத்தைக் காட்டினேன். அதற்குக் கீழே பரவியிருந்த மஞ்சள் அவருடைய சட்டை. முக்கியமானதில் மட்டும் கண் நிற்க வேண்டும், முக்கியமில்லாதது கரைந்துவிட வேண்டும், அதுதான் இந்த லென்ஸின் சிறப்பு என்று விளக்கினேன். சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது.

அவர் கோபப்படவில்லை. காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னார்.

அதற்குப் பிறகு மனைவி எப்போது போன் போட்டாலும் அண்ணிதான் எடுத்தார். அவுக காட்டுல இருக்காக என்பார். மழை இல்லாமல் இன்னும் விதைக்காத காடு அது. மற்றவர்கள் செல்போனில் எடுத்த படங்களை வாங்கி அனுப்பினேன். அவற்றில் அவர் இருந்தார்; குறுக்கே யாருடைய முழங்கையோ இருந்தது. பதில் வரவில்லை.

மனைவி ஒரு நாள், துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "அப்பா போன பெறகு எனக்குப் பெறந்த வீடுன்னா அவுக ஒருத்தர்தான். பொங்கச் சீருக்கு அவுக வரலைன்னா ஒங்க கேமராவத்தான் வாசல்ல நின்னு வாங்கன்னு கூப்பிடணும்."

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ஷேர் ஆட்டோவில் மச்சான் வீட்டுக்குப் போனோம். மறுபடி எடுத்துத் தருகிறேன் என்றேன். அவர் உள்ளே போய், அதே மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். அது தேய்த்துத் தயாராக இருந்திருக்கிறது.

மகளுக்குத் தலையில் முடி வளர்ந்திருந்ததுதான் சிக்கல். இன்னொரு மொட்டை போட்டுவிடலாமா என்று கேட்டார். "அண்ணே" என்றாள் மனைவி. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

முளைவிட்ட பருத்திக் காட்டின் ஓரத்தில் நாற்காலி போட்டு, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டார். துளையை எவ்வளவு சுருக்க முடியுமோ அவ்வளவு சுருக்கினேன். மகள், மச்சான், மோட்டார் ரூம், மின்கம்பத்தில் எழுதியிருந்த எண் என்று எல்லாமே விழுந்தன. பழைய கேமராவிலும் இப்படித்தான் விழுந்திருக்கும் என்று தோன்றியதை யாரிடமும் சொல்லவில்லை.

திரையில் அவர் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். நரைத்த மீசை, கன்னத்துத் தழும்பு, சவரத்தில் விட்டுப்போன நாலு முடி. நெடுநேரம் பார்த்தார்.

"கெழவனாட்டம் இருக்கேன்" என்றார். பிறகு, "இருக்கேன்ல" என்றார்.

இதைக் காதுகுத்து ஆல்பத்தில், ஆசாரி படத்துக்கு அடுத்தாற்போல வைக்கச் சொன்னார். விசேஷம் ஆவணியில் நடந்தது, இது ஐப்பசி, என் ஆல்பங்கள் தேதி வரிசை என்று விளக்கினேன்.

"தேதி பாத்தா மாப்ள சொந்தம் வச்சுக்கிறது?"

எங்கள் கல்யாணத்துக்குத் தேதி பார்த்துக் கொடுத்தவரே அவர்தான்.

அவர் சொன்ன இடத்திலேயே வைத்துவிட்டேன். இப்போது அந்த ஆல்பத்தில் ஒரு பக்கத்தில் மகள் மொட்டையாக இருக்கிறாள், அடுத்த பக்கத்தில் விரல்கடை உயரத்துக்கு முடியோடு இருக்கிறாள், அதற்கடுத்த பக்கத்தில் பந்தியில் மறுபடியும் மொட்டையாக இருக்கிறாள். அந்த ஒரு படத்துக்குப் பின்னால் மட்டும் தேதி எழுதவில்லை.

பொங்கலுக்குக் கரும்பும் பானையுமாக வந்தவர், தண்ணீர் குடித்ததும் ஆல்பத்தைக் கேட்டு வாங்கி நேரே அந்தப் பக்கத்தைத் திறந்தார். எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டம்மா, ஒரே நாளில் பிள்ளைக்கு எப்படி முடி வந்தது என்று கேட்டார்.

"தாய்மாமன் மடியில உக்காந்தா மொளைக்கும்" என்றார் அவர்.