கொழுந்தன் லாரியின் ஆயில் பிளக்கு

யுத்தகாலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் லாரிகள் கரிவாயுவில் ஓடின. என் வீட்டுக்காரரின் லாரியும் அப்படித்தான். முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு கம்பத்திலிருந்து குமுளி மலைக்கு அரிசி ஏற்றிப் போகும், ஏலக்காயோடு இறங்கும். கரிவாயுவில் ஓடும் எஞ்சினுக்கு ஆயில் சீக்கிரம் கறுத்துவிடும், அடிக்கடி மாற்ற வேண்டும். வண்டியை இன்னொருவன் கையில் விட அவருக்கு மனசு வராது. "பெத்த பிள்ளைக்குப் பீத்துணி அலச ஆளு வைப்பாகளா?" என்பார். எங்கள் பிள்ளைகளுக்கு ஒருநாளும் அலசியவர் இல்லை, அது வேறு கதை.

ஆயில் மாற்றும் நாளில் முற்றத்தில் லாரியை நிறுத்தி, சாக்கை விரித்து அடியில் படுத்துக்கொள்வார். ஆயில் தொட்டிக்குக் கீழே இருக்கும் பிளக்கை அவர் கழற்ற, சட்டியை நான் பிடிப்பேன். கறுப்பாக இறங்கும் பழைய ஆயிலுக்கு மாட்டுவண்டிக்காரர்கள் மூங்கில் குழாயோடு வாசலில் காத்திருப்பார்கள், அச்சுக்குப் பூச. புது ஆயிலை வேட்டித் துணியில் வடிகட்டி ஊற்றுவது என் வேலை.

கழற்றிக் கழற்றி மாட்டியதில் அந்தப் பிளக்கின் திருகு மறை தேய்ந்துபோனது. நூலைச் சுற்றி மாட்டிப் பார்த்தார், ஒழுகியது. மதுரையில் கம்பெனி சாமான் விற்கிற இடத்தில் கேட்டதற்கு, "சண்டை முடியட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மிச்சம் இருந்தது தேனியில் ஒரு ராவுத்தரின் பழைய இரும்புக் கடைதான். நானும் கூடப் போனேன். அவர் தம்பி செத்ததிலிருந்து அவரைத் தனியே விட எனக்குப் பயம்.

அந்தத் தம்பி, என் கொழுந்தன், இதே கம்பெனி செய்த இன்னொரு லாரியை ஓட்டியவர். ஐப்பசி மழையில் குமுளி மலைப்பாதையில் ஒரு திருப்பத்தில் லாரியோடு உருண்டுவிட்டார். "ஆனைக்கும் அடி சறுக்கும்" என்று துக்கத்துக்கு வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். நொறுங்கிய லாரியைச் சங்கிலி போட்டு இழுத்து, துண்டு துண்டாக இறக்கி, இரும்புக்கு விற்றுவிட்டோம். யார் கைக்குப் போனது என்று நாங்கள் விசாரிக்கவில்லை.

ராவுத்தர் இரண்டு பிளக்குகளை எடுத்து வைத்தார். ஒன்று லேத்தில் புதிதாகக் கடைந்த இரும்புப் பிளக்கு. மற்றது பித்தளை, கம்பெனி முத்திரை போட்டது. அதைக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"ஒளிச்சு யாவாரம் பண்ண எனக்குத் தெரியாது. இது உங்க தம்பி வண்டியோடது. யோசிச்சு எடுங்க" என்றார்.

"லேத்துல கடைஞ்சதே போதும். வாங்க போவோம்" என்றேன் நான்.

"பஜார் சாமானு மலையேத்தத்துக்குத் தாங்காது. இது கம்பெனி" என்று சொல்லிக்கொண்டே என் வீட்டுக்காரர் பித்தளையைத் தடவினார். அந்தத் தடவலில் கம்பெனி எங்கே இருந்தது? விரலை எடுக்கவே மாட்டேன் என்றார்.

செத்தவர் புழங்கிய உலோகத்தை நெருப்புக் காட்டாமல் வீட்டில் சேர்க்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். குத்துவிளக்கு, செம்பு என்றால் கற்பூரச் சுடரில் ஒரு சுற்றுக் காட்டுவோம், அவ்வளவுதான். ஓடுகிற வண்டியின் சாமானுக்கு அது போதாது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. லாரியின் கரி அடுப்பைத் திறந்து, தணலுக்குள் பிளக்கைப் போட்டுச் சிவக்கும்வரை காத்திருந்தார். இடுக்கியால் எடுத்து மஞ்சள் தண்ணீரில் போட்டார். அது சீறியது. அவர் கண் கலங்கியிருந்தது, புகை என்று நினைத்துக்கொண்டேன். பிறகு வழக்கம்போல் அடியில் படுத்து ஸ்பேனரால் முறுக்கினார்.

"பாத்தியா, கெட்டியாப் பிடிச்சுக்கிட்டான்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பிளக்கை யாராவது "அவன்" என்பார்களா?

மறுநாள் அரிசியோடு மலையேறினார். பொழுது சாயும் நேரத்தில் நடந்து திரும்பி வந்தார். பாதி மலையில் எஞ்சின் தட்டி, புகைந்து, இறுகி நின்றுவிட்டதாம். சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தால் பிளக்கு இல்லை. ரோட்டில் சொட்டியிருந்த ஆயிலைப் பார்த்துக்கொண்டே கீழே நடந்திருக்கிறார். தம்பி உருண்ட அதே திருப்பத்தில் பிளக்கு கிடந்தது.

"கூப்பிட்டான். நான் நிக்கலன்னு பிடுங்கிட்டான்" என்றார். அதற்குப் பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

நான் விடுவேனா? பிளக்கை முந்தானையில் முடிந்துகொண்டு ராவுத்தரிடம் போனேன். அவர் ஆணியால் ஒரு கீறல் போட்டார், ஆழமாக விழுந்தது. "செவக்கச் செவக்கக் காய்ச்சுனா பித்தளை இளகிப் போகும் தாயி. முறுக்கும்போதே மறை நசுங்கியிருக்கும். அந்தத் திருப்பத்துல குலுங்குற குலுக்கல்ல எந்தச் சாமானும் கழண்டு விழும்" என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டில் வந்து சொன்னேன். கேட்கவில்லை. லாரியை விற்றோம், தோட்டத்தில் வாழை போட்டோம். வாழைக்குத் தண்ணீர் கட்டும்போதுகூட மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு மலையையே பார்த்து நிற்பார். மலையிறங்கும் லாரிச் சத்தம் கேட்டால், என்னோடு பேசிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிடுவார். மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சண்டை போட்டேன். உயிரோடு இருக்கிற புருசன் கண்முன்னாலேயே கொஞ்சம் கொஞ்சமாக அந்தத் திருப்பத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

ஒருநாள் சோற்றுத் தட்டை வைத்துவிட்டுக் கத்தியே விட்டேன். "செத்தவரு வந்து பிடுங்கல! நீங்க காய்ச்சுன காய்ச்சல்ல பித்தளை இளகிப்போச்சு. அங்கன அவரும் இல்ல, ஒண்ணும் இல்ல!"

அவர் கோபப்படவில்லை. பிசைந்த சோற்றிலிருந்து கையை எடுத்து என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அங்கனயும் இல்லேன்னா, எந்தம்பி எங்கன இருக்கான்?"

குழம்புச் சட்டியை எடுத்து அவர் சோற்றில் இன்னொரு கரண்டி ஊற்றினேன். "அவருதான் பிடுங்கியிருப்பாரு. நீங்க சாப்பிடுங்க" என்றேன். அவர் சாப்பிட ஆரம்பித்தார்.