அக்காவுக்குப் போன கல்யாண சிடி

தங்கையின் நிக்காஹுக்குச் சவுதியிலிருந்த அக்காவால் வர முடியவில்லை. மச்சானுக்கு லீவு கிடைக்கவில்லை. "வீடியோவாவது அனுப்புங்க" என்று போனில் அழுதாள். மண்டபத்து வீடியோக்காரர் கொடுக்க மாதக்கணக்காகும். கையில் இருந்தது, இரவல் கேமராவில் அத்தா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா எடுத்த டேப் மட்டும்தான். எங்கள் சிட்லபாக்கம் தெருவில் எதிர்வீட்டு அண்ணன் வெள்ளிக்கிழமை அக்கா இருக்கும் ஊருக்கு விமானம் ஏறுகிறார். அதற்குள் சிடி தயாராக வேண்டும். வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் நான் ஒருவன்தான், அல்லது அப்படி எல்லோரும் நம்பினார்கள்.

இளவயதில் அத்தாவும் சவுதியில் இருந்தவர். அப்போதெல்லாம் கடிதத்துக்குப் பதில் ஆடியோ கேசட்டில் பேசி அனுப்புவார்கள். டேப் என்றாலே பேசுவதற்குத்தான் என்று அவருக்குள் ஊறிப்போயிருந்தது. கேமராவைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு கல்யாணம் முழுக்க அக்காவோடு பேசியிருந்தார். "இதோ பாரும்மா, உன் பெரியம்மா. முட்டி வலியோட வந்திருக்காங்க. பிரியாணில இன்னிக்கு உப்பு கம்மி. உனக்குப் பிடிச்ச தால்ச்சா இருக்கு, நீதான் இல்ல."

டேப்பைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுவதென்றால் அது ஓடி முடியும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. அத்தா ஃபேனை நிறுத்தினார். அம்மா குக்கரை இறக்கி வைத்தாள். "நம்ம சத்தம் இதுல ஏறாதும்மா" என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். "நீ சும்மா இரு, ஏறிடப் போவுது" என்று அம்மா கிசுகிசுத்தாள். கேசட் காலத்தில் மிக்ஸி சத்தம் ஏறி ஒரு கேசட்டே வீணானதாம். வியர்வை வழிய, ஊமைகளைப் போல உட்கார்ந்து கல்யாணத்தை மறுபடி பார்த்தோம். பாதியில் கரண்ட் போனது. வந்ததும் முதலிலிருந்து மறுபடி ஊமைகளானோம்.

வெட்டி ஒட்ட இலவச மென்பொருள் தேடித் தாம்பரத்துப் பிரவுசிங் சென்டருக்கும் வீட்டுக்கும் நடையாய் நடந்தேன். தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் எல்லா மாட்டின் வாயையும் திறந்து பார்த்தேன். ஒன்று பாதி வேலையில் பணம் கேட்டுப் பூட்டிக்கொண்டது. இன்னொன்று அத்தாவின் குரலை நீக்கிவிட்டு அழகாக இசை சேர்த்தது. ஆனால் தன் பெயரைப் படத்தின் மேல் கொட்டை எழுத்தில் அச்சடித்தது. மூன்றாவது எதையும் அச்சடிக்கவில்லை, குரலைத் தனியே பிரிக்க மட்டும் அதற்குத் தெரியவில்லை.

எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது. அத்தாவுக்கும் அதுவே. "என் தொண்டைய எடுத்துடுப்பா. அங்க மாப்பிள்ளை பாத்தா சிரிப்பாரு" என்றார். அம்மா திரையை உற்றுப் பார்த்தாள்.

"கல்யாணப் பொண்ணு நெத்தியில எவன் பேருடா இது?"

மூன்றாவதே முடிவானது. குரல் வரும் இடங்களையாவது வெட்டலாமென்று உட்கார்ந்தேன். அத்தா பேசாத இடம் ஒன்றுகூட இல்லை. அவரை வெட்டினால் கல்யாணத்தையே வெட்ட வேண்டும். எரிச்சலோடு அப்படியே சிடியில் ஏற்றினேன். ஊறுகாய்க்கும் முறுக்குக்கும் நடுவே அது எதிர்வீட்டு அண்ணனின் பெட்டிக்குள் போனது.

அடுத்த வாரம் அக்காவிடமிருந்து போன் வந்தது. அத்தா ஸ்பீக்கரைப் போடச் சொன்னார். மன்னிப்புக் கேட்பவரைப் போல, "ரொம்பப் பேசிட்டேன்ல? படத்தைப் பாக்க விடாம பண்ணிட்டேனா?" என்று அவரே ஆரம்பித்தார்.

"படத்தை ஒரு தடவைதான் பாத்தேன் அத்தா. இப்பல்லாம் டிவிக்கு முதுகைக் காட்டிக்கிட்டுத்தான் சமைக்கிறேன். தினம் போட்டுடறேன். நீங்க பேசிட்டே இருக்கீங்க, வீட்டுல ஆள் இருக்கிற மாதிரி இருக்கு."

கல்யாணம் முழுக்க ஓயாமல் பேசிய மனிதர் போனை அம்மாவின் பக்கம் நகர்த்திவிட்டு, எழுந்து போய் ஃபேனை நிறுத்தினார்.