இருக்கட்டும்

எங்கள் மின்விசிறிக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளுக்குக் கடைக்காரர்கள் வைத்த பெயர் 'பாதி மேடம்'. யார் எவ்வளவு கேட்டாலும் பாதிதான் அனுப்புவார். பாதிதான் வரும் என்று தெரிந்து அவர்கள் இரண்டு பங்கு கேட்பார்கள். இரண்டு பங்கு கேட்கிறார்களே என்றுதான் இவர் பாதியாக்குவார். நடுவில் வண்டி ஓட்டும் எனக்குத்தான் தலை சுற்றும்.

வெயில் எப்போது ஏறும் என்று யாருக்குத் தெரியும்? நிறைய வாங்கி வைத்தால் தூசி படியும். குறைத்து வாங்கினால் கடைக்காரர்கள் பிய்த்து எடுத்துவிடுவார்கள்.

மேடத்தின் அக்கா மட்டும் வேறு ரகம். மார்க்கெட் முனையில் புதிதாகக் கடை போட்டிருந்தார். விற்கிற அளவுக்குத்தான் கேட்பார். மேடமும் குறைக்காமல் அனுப்புவார்.

கோடை தொடங்கும்போது மேடம் அக்காவுக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"அக்கா, மேசை விசிறி இருபது பெட்டி வந்திருக்கு. உனக்கு எடுத்து வைக்கவா?"

"இருக்கட்டும்டி."

மேடம் அதை 'வேண்டாம்' என்று எடுத்துக்கொண்டார். அவர்கள் வீட்டில் இன்னொரு கரண்டி பரிமாற வந்தால் கையை மறித்து அப்படித்தான் சொல்வார்களாம். அக்கா சொன்னதோ, உன்னிடமே இருக்கட்டும், பிறகு எடுத்துக்கொள்கிறேன் என்று. கடைக்காரி பேசியதைத் தங்கையாகக் கேட்டதுதான் வினை.

மிச்சமாகிவிட்டதே என்று அந்த இருபதையும், எப்போதும் புலம்புகிற 'அழுமூஞ்சி' கடைக்காரருக்கு அனுப்பிவிட்டார். மறுவாரமே வெயில் கொளுத்தியது. அக்கா கேட்டபோது கிடங்கில் ஒன்றுகூட இல்லை.

"நாளைக்கு வந்துடும்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்டி. இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு கடையில உக்காருவேன்?"

அதோடு அக்கா போனை எடுப்பதையே விட்டுவிட்டார். கம்பெனியில் விசாரித்தால், அடுத்த லோடு எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். மேடம் டிபன் டப்பாவைத் திறக்கவே இல்லை. எனக்கே பாவமாக இருந்தது. பிறகு எழுந்து, "வண்டிய எடுங்க" என்றார்.

அழுமூஞ்சி கடையின் பின்னறையில் பெட்டிகள் கூரையை முட்டின.

"பாதிதான தருவீங்கன்னு சேத்துக் கேட்டேன் மேடம். மொத்தமும் அனுப்பி வச்சா நான் என்ன செய்ய?" அதற்கும் புலம்பினார் மனிதர்.

"பாதிய திருப்பிக் குடுங்க. இனிமே நீங்க விக்கிற அளவுக்குக் கேளுங்க, நான் குறைக்க மாட்டேன்."

அவர் தலையைச் சொறிந்தார். பிறகு அவரே ஒரு பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தார்.

அக்கா கடையில் பெட்டிகளை இறக்கினோம். அக்கா பெட்டிகளை எண்ணிக்கொண்டே நின்றார். கடைசிப் பெட்டியும் உள்ளே போன பிறகு பிளாஸ்க்கைத் திறந்தார்.

"டீ குடிக்கிறியா?"

"இருக்கட்டும்க்கா."

அக்காவின் கை நின்றது. "வேணுமா, வேண்டாமா? தெளிவாச் சொல்லு."

"வேணும்க்கா." மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

அக்கா பாதித் தம்ளர் ஊற்றி நீட்டினார். "இந்தா. கடைக்காரங்க படுற பாடு உனக்கும் தெரியட்டும்."