அம்மா விட்டுக்கொடுத்த பேரும் கொடுக்காத மேளமும்

அம்மாவின் முதலாண்டு நினைவு நாளில் எங்களோடு வந்து அமர்ந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

அம்மா சிட்லபாக்கத்தில் பிறந்து, பெருங்களத்தூர் பக்கம் ஏரிக்கரையோரம் இருக்கும் எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். அப்பா சீக்கிரமே போய்விட, தையல் மிஷினை மிதித்தே என்னையும் தம்பியையும் ஆளாக்கினார். கட்சி மேடையில் ஏறினால் எதிர்க்கட்சியைக் கிழி கிழியென்று கிழிப்பார். இறங்கியதும் அந்தக் கட்சிச் செயலாளரிடமே போய், "அண்ணா, அண்ணிக்கு சுகர் இப்ப எப்படி இருக்கு?" என்பார். அவரை நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம்.

வார்டு உறுப்பினரான அம்மாவை ஒரு விஷயம் தூங்கவிடவில்லை. காலனியில் யாராவது இறந்தால் பெரிய தெருக்காரர்கள் தங்கள் தெரு வழியாகச் சுடுகாட்டுக்குப் போக விடமாட்டார்கள். மழைக்காலத்தில் இடுப்பளவு ஏரித் தண்ணீரில் பாடையைத் தூக்கிப் போக வேண்டும். அந்த வழியைத் திறந்துவிட மன்றத்தில் தீர்மானம் கொண்டுவர அம்மாவின் கட்சிக்கு ஆள்பலம் இல்லை. பெரிய தெருவோ மாமாவின் கோட்டை.

ஒருநாள் மாமாவே வீட்டுக்கு வந்தார்.

"இன்னாம்மா தங்கச்சி, நீ கொண்டாந்தா எங்க ஆளுங்க எகிறுவாங்க. நான் கொண்டாறேன், நீ கைய மட்டும் தூக்கு. பேரு எங்களுக்கு."

"எடுத்துக்குங்கண்ணா."

"இன்னொண்ணு. பெரிய தெரு தாண்டற வரைக்கும் மேளம் வேணாம்."

அம்மா மிஷினை நிறுத்தினார். "பேரு என்னுது, குடுத்துட்டேன். மேளம் அவங்களுது. அத நான் எப்படிண்ணா குடுக்கறது?"

மாமா காபியைக் குடித்து முடித்தார். பிறகு, "சரி வுடு, நான் பேசிக்கிறேன்" என்று எழுந்தார். பேசினார், சொந்தத் தெருவில் வசவும் வாங்கினார். தீர்மானம் நிறைவேறியது. அதன்பின் காலனியில் இறந்த ஒரு பெரியவரின் பாடை மேளத்தோடு பெரிய தெரு வழியாகவே போனது. மாமாவும் அம்மாவும் வேட்டியிலும் சேலையிலும் அவரவர் கட்சிக் கரை தெரிய முன்னால் நடந்தார்கள்.

பேரைத் தூக்கிக் கொடுத்துவிட்டார் என்று அம்மாவின் கட்சியில் கோபம். அடுத்த தேர்தலில் சீட் இல்லை. அன்று அம்மா அழுதார். எனக்கு அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, மறைப்பானேன். அம்மாவோ கடைசிவரை அதே கட்சிக்குத்தான் ஓட்டுக் கேட்டார்.

அம்மா படுக்கையில் இருந்தபோது ரத்தம் கொடுத்த காலனித் தம்பிகளுக்கும், ஆஸ்பத்திரிக்குக் கார் ஓட்டிய பக்கத்து வீட்டு பாய்க்கும், இரு கட்சித் தோழர்களுக்கும் எங்கள் நன்றி.

மாமாவுக்குத் தனியாக ஒரு வார்த்தை. போன வாரம் வந்து, "பெரிய தெருவுக்கே அம்மா பேர வெச்சுடலாம்மா, நியாயமா அது அவங்க பேருதான்" என்றீர்கள். கண் கலங்கிவிட்டது. ஆனாலும் வேண்டாம் மாமா. அந்தப் பேரை உங்களுக்குக் கொடுத்தவர் அம்மா. திரும்ப வாங்கிக்கொள்ள அது எங்களுடையது இல்லையே.