மரத்தை ‘அவன்’ என்கிற ஊரில்

நம் ஊரில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். இந்த ஜெர்மன் ஊரில் மரத்தை ‘அவன்’ என்கிறார்கள். மேசையும் அவன்தான். இரண்டு வருஷமாகியும் எனக்குப் பழகவில்லை. முதியோர் இல்லத்தில் காலை வேலை முடிந்ததும் பூங்காவில் உட்கார்ந்து மைப்பேனாவால் மரம் வரைவது என் வழக்கம். போன மாதம் அப்படி வரைந்துகொண்டிருந்தபோது, நாயோடு வந்த ஒரு பெண் எட்டிப் பார்த்து, “அவனுக்கு உடம்பு சரியில்லையா?” என்று கேட்டாள். “ஆமாம், வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது, இருபத்துநாலு வயசுதான்” என்று சொல்லி அழுதுவிட்டேன். அவள் கேட்டது தாளில் இருந்த மரத்தை. நான் சொன்னது என் தம்பி தாஸை. புரிந்ததும் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பிரஸ் மிஷின் தாஸின் விரல்களை எடுத்துக்கொண்டு அப்போது மூன்று வாரம் ஆகியிருந்தது. நான் கூப்பிட்டால் அவன் எடுப்பதில்லை. சாப்பிட்டான், தூங்குகிறான் என்று அம்மா சொல்வதோடு சரி. ஊருக்குப் போக லீவும் கிடைக்கவில்லை. எங்கள் ஊர் கவரைப்பேட்டையில் நானும் அவனும் கம்பெனி பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் ஒரு வேப்பமரம் உண்டு. குப்பைக்கு வைத்த தீ ஏறி ஒரு பக்கம் கருகிப்போனது. மறு பக்கம் அடுத்த பங்குனியிலேயே துளிர்த்தது. பூங்காவில் நான் வரைந்தது அதைத்தான். அதைத் தாஸாகவே நினைத்துக்கொண்டு வரைந்தேன். முடித்ததும், ‘இதைப் பார்த்துத் தைரியமாக இரு’ என்று எழுதிப் படத்தை அவனுக்கு அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்து அவன் குரல் பதிவாகி போனில் வந்தது. “யக்கா, மரத்த வெட்னா தழைக்கும். எனக்கு விரலு தழைக்குமா? இத்தெல்லாம் அனுப்பாத.”

கூசிப்போனேன். பேனாவைத் தொடவில்லை. தாஸ் கதவைச் சாத்திக்கொண்டே இருக்கிறான் என்று அம்மா சொன்ன நாளில், இல்லத்தில் கஞ்சி ஊட்டும்போதும் போனையே எடுத்து எடுத்துப் பார்த்தேன். என்ன செய்துகொள்வானோ என்ற பயம் அந்த வாரம் முழுக்க விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு போட்டோ வந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டின் பின்பக்கம், பால்பாயின்ட் பேனாவைப் பிடித்து இடது கையால் வரைந்த வேப்பமரம். கோடெல்லாம் கோணல். பின்னாலேயே அவனே கூப்பிட்டான்.

“நீ போட்டது நம்ம மரமே இல்ல. எலைய பாரு. அங்கயே இருந்துகினு மறந்துட்டியா?” என்றவன் லேசாகச் சிரித்தான். விபத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பை இப்போதுதான் கேட்கிறேன்.

என் படத்தை எடுத்துப் பார்த்தேன். அடிமரம் கவரைப்பேட்டையுடையதுதான், கருகிய பக்கமும் சரி. ஆனால் கிளை முழுக்க, பூங்காவில் எதிரே நிற்கும் லிண்டன் மரத்தின் அகன்ற இலைகளை நான் ஒவ்வொன்றாகப் போட்டு வைத்திருந்தேன்.